ஈஸ்டர் முட்டைகளுக்குள் மிட்டாய்க்குப் பதிலாக என்ன வைக்கலாம்?

கேள்வி: ஞாயிறு பள்ளி ஆசிரியை, நியூ ஜெர்சி

எங்கள் தமிழ்ச் சபையில் ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் மிட்டாய் அடைத்து ஒளித்து வைத்த பிளாஸ்டிக் முட்டைகளைப் பிள்ளைகள் தேடும் விளையாட்டு நடத்துவது வழக்கம். 2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5ஆம் தேதி வருகிறது. பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இரண்டு முதல் பத்து வயது வரையுள்ள சுமார் 30 பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் ஒரு சிறுவனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பதால், மிட்டாயை அறவே விட்டுவிடலாம் என்று பெற்றோர் ஒப்புக்கொண்டுள்ளனர். ஆனால் கடையில் மொத்தமாகக் கிடைக்கும் விசிலும் பிளாஸ்டிக் மோதிரமும் வீடு போய்ச் சேர்வதற்குள் உடைந்து குப்பையாகிவிடுகின்றன. ஏறத்தாழ 6 செ.மீ. நீளமுள்ள முட்டைக்குள் அடங்குவதாகவும், மறுநாளும் பயன்படுவதாகவும் உள்ள பொருள்கள் எவை?

பதில் 1: இரண்டு பெண் குழந்தைகளின் தாய்

புதுப் பென்சில் அந்த முட்டைக்குள் நுழையாது. அழிப்பானும் துருவியும் நுழையும். முடிக் கிளிப், ரப்பர் பேண்ட், சுருட்டி வைத்த சிறு குழந்தைகளின் காலுறை ஆகியவை எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் பயன்பட்டன. நடைபாதையில் வரையும் தடித்த சாக்பீஸைப் பாதியாக உடைத்து வைக்கலாம். குளிர்காலம் முடிந்து பிள்ளைகள் வெளியே வரும் பருவம் அது. பெரிய பிள்ளைகளுக்குக் கால் டாலர் நாணயம் வைத்துப் பாருங்கள். 1999 முதல் 2008 வரை ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனி வடிவமைப்பில் வெளிவந்த நாணயங்கள் இன்றும் சில்லறையில் கிடைப்பதால், எந்த மாநிலம் யாருக்கு வந்தது என்று ஒப்பிட்டு மாற்றிக்கொள்வார்கள்.

பதில் 2: குழந்தைகள் நலச் செவிலியர்

நாணயம் நல்ல யோசனைதான் என்றாலும், இரண்டு வயதுப் பிள்ளைகளும் அதே புல்வெளியில் ஓடுவார்கள், சிறு பொருளை வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்டோரின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க அமெரிக்காவில் பயன்படும் உருளையின் விட்டம் ஏறத்தாழ 32 மி.மீ.; அதற்குள் முழுமையாக அடங்குவது எதுவும் அவர்களுக்கு ஆகாது. கால் டாலர் நாணயத்தின் விட்டம் 24 மி.மீ. மட்டுமே. வீட்டில் சோதிக்க, கழிவறைக் காகிதச் சுருளின் நடுக்குழாய் போதும்: அதற்குள் விழும் பொருளைச் சிறியவர்களுக்குத் தராதீர்கள். அவர்களுக்கு மஞ்சள் முட்டைகள் மட்டும் என்று வைத்து, தேடும் இடத்தையும் பிரித்துவிடுங்கள்.

வயது எதுவானாலும் மூன்று பொருள்கள் வேண்டாம். சிறு காந்தங்களை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துச் சுவரைத் துளைத்துவிடும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகச் சுட்டுவிடும். நீரில் ஊறும் வண்ண மணிகள் வயிற்றிலும் ஊதிப் பெருக்கும். ஊதாத பலூனை எட்டு வயதுக்கு உட்பட்டவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

பதில் 3: இளைஞர் ஊழியப் பொறுப்பாளர்

வேகமாக ஓடும் பிள்ளையே எல்லா முட்டைகளையும் அள்ளிக்கொள்வதுதான் இந்த விளையாட்டின் பெரிய குறை. அதற்கு மருந்தாக, 48 துண்டுகள் கொண்ட ஒரு படப்புதிரை முட்டைகளுக்குள் பிரித்து வைத்து, எல்லோருமாகச் சேர்த்து முடித்தால்தான் படம் தெரியும் என்று சொல்லிவிடுங்கள். ஒரு முட்டை புதருக்குள் கிடந்துவிட்டால் படத்தில் ஓட்டை விழும். எனவே ஒளித்த இடங்களைக் குறித்துக்கொள்வது அவசியம். வசனச் சீட்டை மட்டும் வைத்தால் பிள்ளைகளின் முகம் வாடிவிடும். இயேசுவின் சிலுவைப்பாடுகளைச் சொல்லித்தர வேண்டுமெனில், கழுதை, வெள்ளிக்காசு, ஆணி, கல் என ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி முட்டையை வெறுமையான கல்லறைக்கு அடையாளமாகக் காலியாக விடும் பன்னிரண்டு முட்டைகளின் தொகுப்பு உண்டு. அதை வகுப்பில் உட்கார வைத்துத் திறப்பதே சரி.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. விதைகள் வைக்கலாமா? ஏப்ரல் தொடக்கத்தில் இங்கே இன்னும் உறைபனி விழுமே?

பதில் 4: வீட்டுத் தோட்டக்காரர்

தாராளமாக வைக்கலாம், சகோதரி. முள்ளங்கியும் பட்டாணியும் இலேசான உறைபனியைத் தாங்கும் என்பதால், மண் உருகியிருந்தால் அந்த வாரமே விதைக்கலாம். முள்ளங்கி ஏறத்தாழ நான்கு வாரத்தில் பிடுங்கும் பருவத்துக்கு வரும் என்பதால் பிள்ளைகளின் பொறுமைக்கு அதுவே ஏற்றது. சூரியகாந்தியை மே மாத நடுப்பகுதி வரை தள்ளிப்போடுங்கள். இளஞ்சிவப்பு அல்லது பச்சைச் சாயம் பூசிய விதைகளில் பூஞ்சைக்கொல்லி இருக்கக்கூடும். சாயமில்லாததையே வாங்கி, சிறு காகிதப் பொட்டலமாக மடித்து, மேலே பெயரையும் விதைக்கும் மாதத்தையும் எழுதிவிடுங்கள். சிறியவர்களுக்கான மஞ்சள் முட்டைகளில் பட்டாணியைப் போட வேண்டாம்.