நிலாவுக்குக் கணக்கு வேண்டும்

ரேவதி: மூன்றாம் வகுப்புக்கு வேறு மாதிரி கணக்கு யாரிடமாவது இருக்கிறதா? நிலாவின் பயிற்சிப் புத்தகம் முழுக்க ராமுவிடம் 8 மாம்பழம், சோமுவிடம் 5 மாம்பழம்தான். இவள் கேள்வியை வாசிப்பதே இல்லை, எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "கூட்டணுமா, கழிக்கணுமா"ங்கிறாள்.

செந்தில் அண்ணன்: ஏதாவது ஆப் போட்டுக் கொடேன்.

ரேவதி: போட்டாச்சு அண்ணா. அதிலும் மாம்பழம்தான், கலர் கலராக.

மூர்த்தி சித்தப்பா: இப்போதே கேள். மொட்டைமாடியில் 1 புடவை காய 2 மணி நேரம். 5 புடவை காய?

ரேவதி: 10 என்கிறாள் 🙈

மூர்த்தி சித்தப்பா: பதில் சொல்லாதே. மாடிக்குக் கூட்டிப்போய்க் கொடியைக் காட்டு.

ரேவதி: சித்தப்பா! கொஞ்ச நேரம் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள், அப்புறம் "எல்லாம் ஒண்ணாத்தானே காயும், 2 மணி நேரம்தான்" என்றாள். அதோடு விடவில்லை, நம் கொடியில் 3 புடவைதான் விரிக்க முடியும், மிச்சம் 2 அடுத்த தடவைதான், அதனால் 4 மணி நேரமாம்.

மூர்த்தி சித்தப்பா: அடி சக்கை! அந்த 4 எனக்கே தோன்றவில்லை. பிரான்சில் 1980 வாக்கில் சின்னப் பிள்ளைகளிடம் கேட்டார்கள்: கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு, கேப்டனின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் இருந்த எண்களை வைத்து ஏதோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள்.

கலா அத்தை: பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எண்ண கணக்கதிகாரம் என்கிற பழைய கணக்குப் பாட்டு நூலில் வழி இருக்கிறதே, காம்பைச் சுற்றியுள்ள சின்ன முள்ளை எண்ணி, 6ஆல் பெருக்கி 5ஆல் வகுக்க வேண்டும். போன வாரம் பேரனோடு எண்ணினேன். 50 முள், அப்படியென்றால் 60 சுளை. அறுத்தால் 71! பாட்டு தப்பா, என் கண் தப்பா என்று அவன் இன்னும் சண்டை பிடிக்கிறான்.

செந்தில் அண்ணன்: என் பங்குக்கு ஒன்று. கல்யாணத்துக்கு 50 பேர், வேனில் 12 பேர். எத்தனை வேன்?

ரேவதி: 4 வேன் போதுமாம், மீதி 2 பேரை மடியில் வைத்துக்கொள்ளலாமாம். இப்போது அவளே ஒரு கணக்கு போட்டிருக்கிறாள்: "சின்னத் தாத்தா தினமும் 4 காபி குடிக்கிறார். சின்னப் பாட்டி போடுவது 2. ஜூன் மாதத்தில் டீக்கடையில் எத்தனை காபி?"

வசந்தா சித்தி: 60.

வசந்தா சித்தி: விடை வந்துவிட்டது. ஆளைத்தான் காணோம்.