தாம்பரத்திலிருந்து நாகர்கோவில், 45 யூனிட் பேட்டரி கார்: எங்கெங்கே சார்ஜ் ஏற்றுவது?

தாம்பரம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆடி அமாவாசைக்கு முன்பாக அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் நாகர்கோவிலில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டுக்கு மின்சாரக் காரிலேயே போய்வர முடிவு செய்திருக்கிறோம். காரின் பேட்டரி 45 யூனிட் கொள்ளளவு கொண்டது. கம்பெனி கொடுத்திருக்கும் ரேஞ்ச் 489 கி.மீ. ஊருக்குள் ஓட்டும்போது முழு சார்ஜில் 340 கி.மீ. வரை கிடைக்கிறது. செங்கல்பட்டைத் தாண்டி இந்தக் காரை இதுவரை எடுத்துச் சென்றதில்லை.

அதிகாலையில் 100 சதவீதத்துடன் புறப்பட்டு நேராகத் திருச்சி, அங்கே ஒருமுறை சார்ஜ், பிறகு மதுரையில் ஒருமுறை, அதற்குப் பின் நிற்காமல் நாகர்கோவில் என்பதுதான் என் திட்டம். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது. நடுவழியில் சார்ஜருக்காக அவரை வெயிலில் காக்கவைக்கவும் எனக்கு மனமில்லை. இந்தத் திட்டத்தில் குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். ஊருக்குப் போனபின் வீட்டில் உள்ள 15 ஆம்பியர் பிளக்கிலேயே சார்ஜ் ஏற்றலாமா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

நெடுஞ்சாலைப்பயணி எழுதியது:

வணக்கம். முதலில் அந்த 489 என்ற எண்ணை ஒதுக்கிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். அது எம்ஐடிசி என்ற சோதனை முறையில் கிடைத்தது. அந்தச் சோதனையில் உச்ச வேகமே 90 கி.மீ.தான், அதுவும் சற்று நேரம் மட்டுமே. பெட்ரோல் காருக்கு நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடும். மின்சாரக் காருக்கு நேர்மாறு. ஊருக்குள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரிக்குத் திரும்பும் மின்சாரம் நெடுஞ்சாலையில் கிடைக்காது, காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80-இல் ஓடும் காரை 100-க்கு ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும்.

உங்கள் அளவுள்ள கார், ஐந்து பேர், சாமான்கள், ஏசி எல்லாம் சேர்த்து 80 முதல் 85 வரையிலான வேகத்தில் 100 கி.மீ.க்கு 14 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். 100-இல் போனால் 17 ஆகும். தாம்பரத்திலிருந்து திருச்சி 300 கி.மீ.க்குச் சற்று மேல். நிதானமாக ஓட்டினாலே 42 யூனிட்டைத் தாண்டும், அதாவது பேட்டரியில் ஏறக்குறைய எல்லாமே. வேகமாக ஓட்டினால் திருச்சிக்கு வெகுதூரம் முன்பே கார் நின்றுவிடும். ஆகவே முதல் நிறுத்தத்தைப் பெரம்பலூருக்கு அருகில் வையுங்கள். 245 கி.மீ. அளவில் வரும், நிதானமாகப் போனால் கிட்டத்தட்ட 24 சதவீதத்துடன் சேர்வீர்கள். அங்கே 80 சதவீதம் வரை ஏற்றினால் மதுரையை 20 சதவீதத்துக்குக் குறையாமல் எட்டலாம்.

சார்ஜ் ஏற்ற நிற்கும் இடத்தைத் திரையில் காட்டும் "மீதமுள்ள கி.மீ."யைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்துத்தான் அது கணக்கிடுகிறது. நகரத்தில் மெதுவாக ஓட்டிவிட்டு நெடுஞ்சாலையில் ஏறியவுடன் அது காட்டும் எண் மிகையாகவே இருக்கும். சதவீதத்தையும், 100 கி.மீ.க்கு ஆகும் யூனிட்டையும் மட்டும் பாருங்கள்.

பெரம்பலூர்க்காரர் எழுதியது:

மேலே சொன்ன கணக்கு சரி. சார்ஜரைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் குடும்பத்தோடு வருபவர்கள் சிரமப்படுவது பெரும்பாலும் ரேஞ்சால் அல்ல, சார்ஜரால்தான்.

60 கிலோவாட் (அதாவது மணிக்கு 60 யூனிட் வரை தரக்கூடியது) என்று எழுதியிருக்கும் இயந்திரத்தில் இரண்டு கன் (காரில் மாட்டும் முனை) இருந்தால், பக்கத்தில் இன்னொரு வண்டி மாட்டியவுடன் அநேகமாக ஆளுக்கு 30 ஆகப் பிரிந்துவிடும். 20-இலிருந்து 80 சதவீதம் ஏற 27 யூனிட் வேண்டும். தனியாக இருந்தால் 40 நிமிடம் போல ஆவது, பகிர்ந்துகொண்டால் ஒரு மணி நேரத்தை நெருங்கும். 80-க்கு மேல் பேட்டரியே மின்சாரம் வாங்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதன்பிறகு நிற்பது உங்களுக்கும் நட்டம், பின்னால் காத்திருப்பவருக்கும் நட்டம்.

வரும் வழியிலேயே ஆப்பில் அந்தச் சார்ஜர் கடைசியாக எப்போது பயன்பட்டது என்று பாருங்கள். இன்று காலையில் யாராவது ஏற்றியிருந்தால் நம்பிப் போகலாம். பல நாளாக ஒருவரும் ஏற்றவில்லை என்றால் "தயார் நிலை" என்று காட்டினாலும் நம்பாதீர்கள். அதற்கு முன்போ பின்போ 30 கி.மீ.க்குள் மாற்றாக இன்னொரு இடத்தையும் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று நிறுவனங்களின் ஆப்களில் வீட்டிலிருந்தே பணம் போட்டு வைத்துவிட்டுப் புறப்படுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபிக்காகக் காத்திருப்பது பெரிய அவதி.

இயந்திரத்தில் விளக்கு எரிகிறது, ஆனால் சார்ஜ் தொடங்கவில்லை என்றால் முதலில் முகப்பில் உள்ள சிவப்பு நிற அவசரப் பொத்தானைப் பாருங்கள். யாரோ குழந்தை அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். அது உள்ளே அமுங்கியபடியே இருக்கும். வயர் அறுந்திருப்பது, புகை, கருகிய வாடை எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அங்குள்ள ஊழியரிடமோ இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் உதவி எண்ணிலோ கேட்டபின், பொத்தானை வலப்புறமாகத் திருகினால் வெளியே வந்துவிடும். இது தெரியாமல் நல்ல சார்ஜரைப் பழுது என்று நினைத்து அடுத்த ஊருக்குப் போகிறவர்களைப் பார்க்கிறபோது வருத்தமாக இருக்கிறது.

அம்மாவுக்காகச் சொல்கிறேன்: உணவகத்தோடு சேர்ந்த சார்ஜரையே தேர்ந்தெடுங்கள். பெட்ரோல் பங்க்குகளில் சார்ஜர் பல இருக்கின்றன. ஆனால் நிழலும் சுத்தமான கழிப்பறையும் எல்லா இடத்திலும் அமைவதில்லை.

பணகுடிக்காரர் எழுதியது:

மதுரையில் ஏற்றிவிட்டு நிற்காமல் நாகர்கோவில் போகலாம் என்ற பகுதியைத் தயவுசெய்து மாற்றுங்கள். மதுரையில் 80 சதவீதத்துடன் புறப்பட்டால் திருநெல்வேலிக்கு வரும்போது 30 சதவீதத்தை ஒட்டி மிஞ்சும். அங்கிருந்து நாகர்கோவிலுக்கு 80 கி.மீ. சொச்சம்தானே என்று தோன்றும். மார்கழியில் அந்தக் கணக்கு ஒருவாறு சரியாக வரலாம். நீங்கள் வருவது ஆடியில்.

முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நிறுத்தியிருப்பதற்குக் காரணமே ஆரல்வாய்மொழிக் கணவாய்தான். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியாக நெருக்கிக்கொண்டு கிழக்கே பாயும். திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர் வரை அது வலப்பக்கத்திலிருந்து காரைத் தள்ளும். ஸ்டியரிங்கில் நன்றாகவே தெரியும். காவல்கிணறு விலக்கில் கன்னியாகுமரிச் சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் நேர் எதிர்க்காற்று. மணிக்கு 25 கி.மீ. எதிர்க்காற்றில் 80-இல் போவதென்றால், காற்றைப் பொறுத்தவரை கார் 105-இல் போவதற்குச் சமம். 100 கி.மீ.க்கு 14 யூனிட் என்பது அந்தத் துண்டில் 19-ஐத் தொட்டால் வியக்க வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வரை சராசரியாக 17 அல்லது 18 என்று கொண்டால் உங்கள் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு வேண்டியிருக்கும். கையில் இருப்பதோ அதற்கும் குறைவு.

ஆகவே கோவில்பட்டியிலோ திருநெல்வேலியிலோ மாலைக் காப்பிக்கு நிற்கும்போது 20 நிமிடம் ஏற்றிக்கொண்டு, 55 சதவீதத்துக்குக் குறையாமல் கிளம்புங்கள். காவல்கிணறு தாண்டியதும் வேகத்தை 65-க்குக் குறைத்தால் செலவும் குறையும், வண்டியும் நிலையாக நிற்கும். கூரையில் கேரியர் இருந்தால் கழற்றிவிட்டு வாருங்கள். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும் என்பதால் அந்தப் பக்கம் கவலை இல்லை.

தாம்பரம்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சிறுவயதிலிருந்து அந்தக் காற்றில் நடந்திருந்தும் அது பேட்டரியைப் பாதிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரம்பலூர், மதுரை, கோவில்பட்டி என்று மூன்று நிறுத்தங்களாக மாற்றிக்கொள்கிறேன். ஊர் வீடு ஓட்டு வீடு, வயரிங் பழையது. அதைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா?

வயரிங்தோழர் எழுதியது:

15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட் ஏறும்; இரவு ஒன்பது மணிக்கு மாட்டினால் காலை ஏழுக்குள் 30 யூனிட், அதாவது பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு. வீட்டில் தங்கும் நாள்களுக்கு அது தாராளம். ஆனால் பழைய வீட்டில் பார்க்க வேண்டியது எர்த். எர்த் சரியில்லை என்றால் காரோடு வரும் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு ஏற்ற மறுக்கும். அதுவே உங்களுக்குப் பாதுகாப்பும். எர்த்தையும் நியூட்ரலையும் இணைத்து அந்த விளக்கை அணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் வயர் எங்காவது அறுந்தால் காரின் உடல் முழுவதும் மின்சாரம் பாயும்.

நீங்கள் போவதற்கு ஒரு வாரம் முன்பே உள்ளூர் எலெக்ட்ரீஷியனை அழைத்து, எர்த் குழியைச் சோதிக்கச் சொல்லுங்கள். மீட்டர் பெட்டியிலிருந்து, மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே துண்டிக்கும் தனி எம்சிபி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி ஆகியவற்றோடு திண்ணைப் பக்கம் தொழிற்சாலை வகை சாக்கெட் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. முதல் இரவில் சார்ஜ் தொடங்கி அரை மணி நேரம் கழித்து பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள்.