மயக்க மருந்தை நிறுத்தியும் அம்மா கண் முழிக்கல, யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

சிப்புட்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியா, சுங்கை சிப்புட். அம்மாவுக்குப் பக்கத்துத் தோட்டத்துல, கான்ட்ரேக்டருக்குக் கீழ செம்பனை உதிரிப் பழம் பொறுக்கற வேலை. எலிக் காய்ச்சல்னு ஈப்போவுல ஐ.சி.யூ.வுல சேர்த்திருக்கோம். முதல்ல காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு ரெண்டும் சிவப்பு, அவ்வளவுதான். மழையில நனைஞ்ச காய்ச்சல்னு அம்மாவே சொல்லிட்டு ரசம் வச்சுக் குடிச்சாங்க. அப்புறம் கண்ணு மஞ்சளாச்சு, மூத்திரம் நின்னுபோச்சு, மூச்சு வாங்குச்சு. அன்னிக்கு ராத்திரியே வாயில குழாய் போட்டுட்டாங்க.

இப்ப காய்ச்சல் இல்ல. பிரஷரைத் தூக்கற மருந்தை நிறுத்தியாச்சு. மெஷின்ல ஆக்சிஜன் 100 சதவீதத்துல இருந்து 40-க்கு வந்திருக்கு. கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற கிரியேட்டினின் 700 தாண்டினது, டயாலிசிஸ் பண்ணி 400 சொச்சத்துக்கு இறங்கிருச்சு. ஆனா புதன்கிழமை காலையில தூக்க மருந்தை நிறுத்தினாங்க, இன்னிக்குச் சனி, இன்னும் முழிக்கல. மிசி (நர்ஸ்) புரட்டிப் படுக்க வைக்கறப்ப இமை பாதி திறக்குது, பார்வை எங்கயோ நிக்குது. நகத்துக்குள்ள பழத்தோட ஆரஞ்சுக் கறை மட்டும் இன்னும் அப்படியே இருக்கு. கையைப் பிடிச்சுக்கிட்டு அதையேதான் பார்த்துக்கிட்டிருக்கேன்.

டாக்டர் நல்ல மாதிரி, சின்ன வயசு. கேட்டா "கித்தா துங்கு டூலு", முதல்ல காத்திருந்து பார்ப்போம்ங்கறார். எதுக்காகக் காத்திருக்கோம்னுதான் புரியல. அண்ணன் சார்ட்டுல, நினைவு எவ்வளவு இருக்குன்னு போடற மார்க்கு, ஜி.சி.எஸ். 6டி-ன்னு இருந்ததைப் பார்த்துட்டு போன்ல தேடியிருக்கான். எட்டுக்குக் கீழ போனா கோமா, மூளை போச்சுன்னு வராந்தாவுலயே உட்கார்ந்து அழுதான். அவனைப் பார்த்துச் சித்தி. அப்பா பேசறதே இல்ல. அம்மாவோட தாலி, மூக்குத்தி, தோடு எல்லாத்தையும் கழட்டி ஒரு பிளாஸ்டிக் பையில போட்டுக் கையெழுத்து வாங்கிக் குடுத்தாங்க. அதைச் சட்டைப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டே திரியறார், தூங்கறப்பகூட எடுக்கறதில்ல.

மருந்தை நிறுத்தி இவ்வளவு லேட்டா முழிக்கறது உண்டா? டாக்டர்கிட்ட என்னன்னு கேட்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஜோசியம் வேண்டாம், அது வீட்டுலயே வேண்டிய மட்டும் நடக்குது.

கம்பார் பொண்ணு

அண்ணே, அம்மா நல்லபடியா வீட்டுக்கு வருவாங்க. வெள்ளிக்கிழமை கோயில்ல அவங்க பேருக்கு அர்ச்சனை பண்றேன். நட்சத்திரம் மட்டும் தனியா அனுப்புங்க.

கிள்ளான்வாசி

காத்துக்கிட்டிருக்காதீங்க. கடன் வாங்கியாவது உடனே பிரைவேட்டுக்கு மாத்துங்க. என் ஆள் ஒருத்தரை அப்படித்தான் காப்பாத்தினோம்.

தைப்பிங் மிசி

தம்பி, ஐ.சி.யூ.விலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும்.

முதலில் அந்த 6. ஜி.சி.எஸ்.ஸில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. வாயில் குழாய் இருப்பவர் பேச முடியாது, பேச்சைக் கணக்கில் சேர்க்காமல் பக்கத்தில் 'டி' என்று எழுதுவோம். ஆக அம்மாவுக்கு உச்சமே 10. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கண் 2, அசைவு 4 ஆக இருக்கலாம். அசைவு 4 என்றால், வலி தெரிந்து கையை இழுத்துக்கொள்கிறார் என்று அர்த்தம். அதுவும் மருந்து உடம்பில் மிச்சம் இருக்கும்போது எடுத்த எண். மூளை போய்விட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

அடுத்தது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேளுங்கள். மிடாசோலமும் மார்ஃபினும் என்றால் லேட்டாக முழிப்பதில் ஆச்சரியமே இல்லை. இரண்டையும் ஈரல் உடைக்கிறது, உடைந்த மிச்சம் சிறுநீரில் போக வேண்டும். அந்த மிச்சத்துக்கும் தூக்க வைக்கும் சக்தி உண்டு. எலிக் காய்ச்சலில் அடி வாங்குவதே அந்த இரண்டு உறுப்பும்தான். டயாலிசிஸ் மெஷினும் மருந்தை முழுசாக இழுத்துவிடாது. மருந்தை எத்தனை நாள் ஓட்டினார்கள் என்பதையும் கேளுங்கள், நாள் கூடக் கூட வெளியேறவும் நாள் பிடிக்கும். ரத்தத்தில் யூரியா ஏறியிருந்தால் அதுவே ஆளை அசத்தும்.

ஆனால் எல்லாவற்றையும் மருந்து மேல் போடவும் கூடாது. இந்த நோயில் ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் இறங்கும், உள்ளே ரத்தம் கசியலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைகிறாரா, கண் பாப்பா இரண்டும் சமமாக இருக்கிறதா, சளி உறிஞ்சும்போது இருமுகிறாரா? இந்த மூன்றையும் டாக்டரிடம் கேளுங்கள். "இன்னும் எத்தனை நாள் பார்த்துவிட்டு மூளைக்கு சி.டி. எடுப்பீர்கள்? வெளியே தெரியாத வலிப்பு இருக்கிறதா என்று இ.இ.ஜி. பார்ப்பீர்களா?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆளுக்கு ஆள் கேட்காமல் குடும்பத்தில் ஒருவர் மட்டும் கேட்டு, நோட்டில் எழுதி மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். நாலு பேருக்கு நாலு விதமாகப் பதில் சொல்ல எங்களுக்கும் நேரம் கிடையாது.

கிள்ளான்வாசிக்கு ஒரு வார்த்தை. வென்டிலேட்டரும் டயாலிசிஸுமாக இருக்கிற ஆளை ஆம்புலன்ஸில் ஏற்றுவதே ஒரு ஆபத்து. இங்கே இல்லாத ஒன்று அங்கே இருந்தால்தான் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. இந்த அம்மாவுக்கு என்ன இல்லை என்று சொல்கிறீர்கள்?

பீடோர் மாமா

மிசி சொன்னது சரி. என் வீட்டுக்காரிக்கும் இதே நோய் வந்துச்சு, இதே கூத்துதான். நான் சொல்ல வந்தது முழிச்சதுக்கு அப்புறம் நடக்கறதை. யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லல.

சினிமாவுல வர்ற மாதிரி கண்ணைத் திறந்து பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க தம்பி. என் சம்சாரம் முழிச்சதும் என்னைப் பார்த்த பார்வையே வேற. குழாய் எடுத்த பிறகு முதல்ல பேசினதே, மிசிங்க பாலுல விஷம் கலக்கறாங்கன்னுதான். பெரட்டுக்கு (காலையில பேர் கூப்பிடறதுக்கு) நேரமாச்சு, மண்டோர் (மேஸ்திரி) பேரை வெட்டிடுவான்னு கட்டில்லருந்து இறங்கப் பார்த்தா. ரப்பர் பால் வெட்டறதை விட்டு எத்தனையோ வருஷமாச்சு! குழாயைப் பிடுங்காம இருக்கக் கையில பஞ்சு உறை மாட்டிக் கட்டியிருந்தாங்க. அதைப் பார்த்து நான் ஒரு மிசிகிட்ட சண்டைக்கே போயிட்டேன். டெலிரியம்னாங்க, அதாவது புத்தி தடுமாறறது, ஐ.சி.யூ.வுல ரொம்ப சகஜமாம். கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சது. ராத்திரி ஆனா மறுபடி கூடும், பயந்துடாதீங்க.

மூக்குக் கண்ணாடி போடறவங்களா இருந்தா கொண்டுபோய்க் குடுங்க. இன்னிக்கு என்ன கிழமை, எந்த ஊரு, ஏன் இங்க இருக்காங்கன்னு போறப்பல்லாம் சொல்லுங்க. வாதம் பண்ணாதீங்க. அப்புறம் கால். வார்டுக்கு மாத்தின பிறகு நிக்க வச்சா கன்னுக்குட்டி மாதிரி நடுங்கிச்சு, கரண்டி பிடிக்க முடியல. படுத்த படுக்கையில சதை அவ்வளவு வேகமா கரையுது. பிசியோ வர்றப்ப நீங்களும் கூட நின்னு கத்துக்குங்க. கிட்னி என் வீட்டுக்காரிக்குத் திரும்பிருச்சு, டயாலிசிஸை நிறுத்தியாச்சு. இந்த நோயில பிழைச்சு வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது திரும்பும்னு டாக்டர் சொன்னார்.

இன்னொண்ணு, சொக்சோ, தொழிலாளிங்களுக்கான காப்புறுதி. வேலையில வந்த நோய்னு கேட்டுப் பார்க்கலாம். அதுக்கு முன்னாடி அந்த கான்ட்ரேக்டர், உங்க அம்மா பேருல சந்தாவை ஒழுங்காக் கட்டினானான்னு பாருங்க. எலிக் காய்ச்சல் 2010-லருந்து சட்டப்படி சுகாதார இலாகாவுக்கு அறிவிக்க வேண்டிய நோய். அவங்க வீட்டுக்கு வந்து விசாரிச்சா, எந்த பிளாக்குல வேலை, பூட்ஸ் குடுத்தாங்களா இல்லையான்னு உள்ளதைச் சொல்லுங்க. கான்ட்ரேக்டருக்காக மறைக்காதீங்க. எலியைப் பிடிக்க ஆந்தைக்குப் பொட்டி கட்டி விடறாங்க, பொறுக்கறவங்க காலுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் குடுக்க மட்டும் கை வர்றதில்ல.

சிப்புட்காரன்

அக்கா, மாமா, ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை நோட்டோட போய்க் கேட்டேன். மிடாசோலமும் மார்ஃபினும்தான். சளி உறிஞ்சறப்ப நல்லா இருமறாங்க, ரெண்டு கையையும் இழுக்கறாங்க. திங்கட்கிழமை சி.டி. எடுத்தாங்க, ரத்தக் கசிவு இல்லையாம். இன்னிக்கு ஜி.சி.எஸ். 8டி. கூப்பிட்டா கண்ணைத் திறக்கறாங்க, ஆனா கையை அழுத்தச் சொன்னா இன்னும் அழுத்தல. ஆடு குட்டி போட்ட கதையைச் சொன்னேன், என் பக்கமாத் திரும்பின மாதிரிதான் இருந்துச்சு. அண்ணன் திரும்பலங்கறான். அவன்கூட எதுக்குச் சண்டை.

இப்ப புதுசா ஒண்ணு. கழுத்துல ஓட்டை போட்டுக் குழாய் வைக்கணும்னு சம்மத ஃபாரம் குடுத்திருக்காங்க. அப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கறார். கைவிட்டுட்டாங்க, பேச்சும் போயிடும்ங்கறார்.

தைப்பிங் மிசி

கைவிடுகிறவர்கள் கழுத்தில் குழாய் வைக்க மாட்டார்கள். வாய்க் குழாய் நாள்பட இருந்தால் குரல்வளைக்குக் கெடுதல். அதைத் தாங்க வைக்கவே மறுபடி தூக்க மருந்து தேவைப்படும், அது வேண்டாம் என்றுதானே இவ்வளவு பாடு. கழுத்துக் குழாயில் மருந்து குறைவாகப் போதும், சளி எடுப்பது சுலபம், மெஷினைக் கொஞ்ச நேரம் விட்டு விட்டுப் பழக்கலாம். சொந்தமாக மூச்சு விட்டு, சளியையும் இருமித் துப்ப ஆரம்பித்த பிறகு எடுத்துவிடுவார்கள், ஓட்டை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். குழாய் வைத்த புதிதில் குரல் வராது, அது உண்மை. எடுத்த பிறகு பெரும்பாலும் வந்துவிடும்.

கையெழுத்துக்கு முன் பிளேட்லெட் எவ்வளவு, ரத்தம் தயாராக இருக்கிறதா, கட்டிலிலேயே செய்வார்களா ஆப்பரேஷன் தியேட்டரிலா என்று கேளுங்கள். அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு நீங்கள் போய்க் கேட்காதீர்கள். டாக்டர் முன்னாடி உட்கார வைத்து அவர் கேள்வியை அவரே கேட்கட்டும், மலாய் வராவிட்டால் தமிழ் பேசும் மிசி யாராவது இருப்பார்கள்.

சிப்புட்காரன்

கேட்டார்க்கா. பிளேட்லெட் 110 ஆயிரம், தியேட்டர்ல வியாழக்கிழமைக்கு வச்சிருக்காங்க. கையெழுத்துப் போட்டுட்டார்.