ராத்திரியில் விழும் சிமென்ட் தூசி: அரியலூர் பக்கம் உங்கள் அனுபவம் என்ன?

கல்லங்குறிச்சிக்காரன்:
எங்கள் வீட்டு முருங்கைக் கீரையை மூன்று தண்ணீரில் அலசினாலும் நறநறக்கும். பனிக்காலத்தில் இன்னும் மோசம். ராத்திரி விழுந்த தூசியில் பனி இறங்கி, விடிவதற்குள் இலையோடு கெட்டிப்பட்டுவிடும். நகத்தால் சுரண்டினால்தான் வரும். பகலில் சிம்னியைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. இருட்டினதும் தூசி பிடிக்கிற பில்டரை அணைத்துவிடுகிறார்கள் என்பதுதான் தெருப் பேச்சு. சுற்றிலும் பல ஆலைகள், எதைச் சொல்வது? வேலை பார்த்தவர்கள் யாராவது விளக்குங்கள்.

கில்ன் தாத்தா:
தம்பி, நான் வேறு மாவட்டத்து ஆலையில் கண்ட்ரோல் ரூமில் இருந்தவன். வேண்டுமென்றே அணைப்பதற்கு என்னால் சாட்சி சொல்ல முடியாது. தானாக அணைவதை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் கில்னில், அதாவது சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிற சூளையில், புகை ஈஎஸ்பி வழியாகப் போகும். மின்சாரத்தால் தூசியைத் தகட்டில் ஒட்டவைக்கிற பெட்டி அது. நிலக்கரி சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு ஏறிவிட்டால் உள்ளே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதனால் ஈஎஸ்பி தானாக அணைகிற மாதிரி (டிரிப்) வைத்திருப்பார்கள். கில்ன் உடனே நிற்காது. ஈஎஸ்பி திரும்ப ஓடுகிற வரை போகிற தூசியெல்லாம் ஊருக்குத்தான். துணிப்பையில் தூசியை வடிக்கிற பேக் பில்டர் போட்ட இடங்களில் இந்தத் தொல்லை கிடையாது.

2003 வாக்கில் பழைய ஆலைக்குக் கன மீட்டர் புகைக்கு 100 மில்லிகிராம் தூசி வரை அனுமதித்திருந்தார்கள். 2014 விதியில் புது ஆலைக்கு 30 ஆக்கிவிட்டார்கள். சிம்னியிலேயே கருவி இருக்கிறது, அளவு ஆன்லைனில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும். அதனால் தேதி, மணி போட்டுப் புகார் எழுதுங்கள். ‘அடிக்கடி வருகிறது’ என்று எழுதினால் பைலோடு தூங்கிவிடும்.

செந்துறை ரோடு:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் எங்களுக்குச் சிம்னி பிரச்சினையே இல்லை. டிப்பர்தான். தார்ப்பாயைப் பாதி மூடிக்கொண்டு பறப்பான். சிந்துகிற சுண்ணாம்புக்கல்லை அடுத்த வண்டி டயர் மாவாக்கும். (அந்தக் கல்லைப் புரட்டினால் சிப்பி அச்சு தெரியும், ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி.) ரோட்டு மாவை எந்த 30 மில்லிகிராமில் பிடிப்பது?

சுரங்க விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இதைத்தான் கேட்டேன். எனக்கு முன்னால் பேசியவர்களில் பாதிப்பேர் வேலை கேட்டார்கள். குறை சொல்ல மாட்டேன், நிலத்தைக் கொடுத்த குடும்பங்கள். எனக்குக் கிடைத்த பதில், ‘ரோட்டில் தண்ணீர் தெளிக்கப்படும்.’ அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லி நின்றேன். பிற்பாடு அந்த நகலைக் காட்டித்தான் தண்ணீர் லாரி வந்தது, அதுவும் தினமும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க: குறைந்தது 30 நாள் முன்பே பத்திரிகையில் அறிவிப்பு வரவேண்டும். சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் கலெக்டர் ஆபீசில் பார்க்கக் கிடைக்கும். லாரிக் கணக்கு இருக்கும் பக்கத்தை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். அங்கே போய்ப் புரட்ட நேரம் தரமாட்டார்கள்.

கல்லங்குறிச்சிக்காரன்:
நன்றி தாத்தா, இன்றிலிருந்தே மணி குறிக்கிறேன். நைட் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள், பால் கறக்க எழுகிறவர்கள், தூசி கண்ணில் பட்டால் ஊர் பெயரும் நேரமும் இங்கே போடுங்கள். நாலு ஊரில் ஒரே மணி பதிவானால் ஒரே மனுவாகக் கொடுத்துவிடலாம்.