டிஸ்க் லாக் இறுகிவிட்டது, சாவி பாதியில் நிற்கிறது: வெட்டாமல் கழற்ற வழி இருக்கிறதா?

ஈசூன்_என்எஸ்200 (திங்கள், இரவு 9.40)

வணக்கம் நண்பர்களே, அவசரமாக ஒரு உதவி வேண்டும்.

தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு சனிக்கிழமைதான் திரும்பினேன். என் பல்சர் என்எஸ் 200 பைக் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கை ஒட்டிய பல மாடி கார்ப்பார்க்கில் நாலாவது தளத்தில் நின்றது. கூரை இருக்கிறது, ஆனால் நான் நிறுத்தியது ஓரத்து லாட், மழை சாய்த்து அடித்தால் சாரல் நேராக முன்சக்கரத்தில்தான் விழும். போகும்போது முன்சக்கரத்து பிரேக் டிஸ்க்கில், அந்த வட்டத் தட்டின் துளைக்குள் கம்பி நுழைகிற பூட்டைப் போட்டுவிட்டுப் போனேன். இப்போது சாவி முழுதாக உள்ளே போகிறது, கால்வாசி திரும்புகிறது, அதற்கு மேல் அசையவில்லை. கையால் முடியாமல் பிளையரில் சாவியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன், சாவியின் கழுத்து லேசாக முறுக்கிக்கொண்டது, பயந்துபோய் விட்டுவிட்டேன்.

பூட்டு அலாரம் இல்லாத சாதாரண வகை. சாவி பற்கள் உள்ள சாவி இல்லை, அரைவட்டத் தண்டில் சரிவாக வெட்டு வெட்டாக இருக்கும். பூட்டு காலிப்பருக்கு (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பாகம்) அடியில் இடித்துக்கொண்டு இருக்கிறது, சாவித்துவாரம் மேலே பார்த்தபடி. வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, இதுவரை எண்ணெய் எதுவும் விட்டதில்லை.

எனக்கு சாங்கியில் வேலை, வியாழன் காலை 6 மணிக்கு ஷிப்ட் தொடங்குகிறது, முதல் ரயிலைப் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. பூட்டுக்காரரைக் கூப்பிடுவதா, கிரைண்டர் வைத்து வெட்டுவதா? கடையில் டபிள்யூடி-40 வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் அடிக்கவில்லை.

---

பழைய_ரைடர்_செம்பவாங் (திங்கள், இரவு 10.05)

தம்பி, முதலில் அந்தப் பிளையரை வீட்டில் கொண்டுபோய் வை. சாவி உள்ளே முறிந்தால் இன்றைக்கு இருக்கிற பிரச்சினை மூன்று மடங்காகிவிடும். சாவி பித்தளை மாதிரி மெத்தென்ற உலோகம், பூட்டு எஃகு, மல்லுக்கு நின்றால் தோற்பது சாவிதான்.

நீ எழுதியதிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. பூட்டு காலிப்பருக்கு அடியில் இடித்துக்கொண்டிருக்கிறது என்கிறாய். அதாவது வண்டி கொஞ்சம் உருண்டு, பூட்டின் உடம்பு காலிப்பரில் முட்டி, உள்ளே இருக்கிற கம்பி டிஸ்க் துளையின் ஓரத்தில் பலமாக அழுந்தி நிற்கிறது. அந்த அழுத்தம் இருக்கிறவரை சாவி சரியாக இருந்தாலும் கம்பி பின்னால் இழுபடாது. கார்ப்பார்க் தளத்தில் லேசான சரிவு இருந்தாலே போதும், வண்டியின் எடை முழுக்க அந்தக் கம்பி மேல்தான். ஒருவரை வண்டி மேல் உட்காரச் சொல், ஸ்டாண்டை எடுத்துவிட்டு, பூட்டு எந்தப் பக்கம் முட்டுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக இரண்டு விரற்கடை உருட்டச் சொல். பூட்டு கையில் கடகடவென்று ஆட வேண்டும். ஆடுகிற நிலையில் பிடித்துக்கொண்டு பிறகு சாவியைத் தொடு.

அப்புறம் உன் சாவி வகை. அது தட்டுத் தட்டாக அடுக்கிய பூட்டு, பின்லாந்துக்காரர் எமில் ஹென்ரிக்சன் 1907-ல் கண்டுபிடித்த அமைப்பு. உள்ளே ஸ்பிரிங் வைத்த ஊசிகள் கிடையாது. சாவி திரும்பும்போது ஒவ்வொரு தட்டும் அதன் அளவுக்குத் திரும்பும், எல்லாத் தட்டுகளின் பள்ளங்களும் ஒரே கோட்டில் வந்தால்தான் தட்டுகளுக்குப் பக்கவாட்டில் இருக்கிற சின்னக் கம்பி அதற்குள் இறங்கிப் பூட்டு திறக்கும். ஒரே ஒரு தட்டு துருவிலோ மண்ணிலோ ஒட்டிக்கொண்டாலும் நீ சொன்ன மாதிரி கால்வாசியில் நின்றுவிடும். அதனால் ஒரே பக்கம் முட்டித் திருப்பாதே. ஆரம்ப நிலைக்கு முழுக்கக் கொண்டுவா, மெதுவாகப் போகிறவரை திருப்பு, மறுபடி ஆரம்பத்துக்கு. ஐம்பது தடவை ஆனாலும் சரி. ஒவ்வொரு தடவையும் மயிரிழை அளவு கூடப் போகும்.

இரண்டாவது சாவி எங்கே? டப்பாவில் இரண்டு சாவி வந்திருக்கும். அதைத் தேடு. முறுக்கிய சாவியால் தட்டுகள் சரியான கோணத்துக்கு வரவே வராது.

---

ஊபி_மெக்கானிக் (திங்கள், இரவு 11.20)

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் வேறொன்றைப் பற்றி எழுத வேண்டும், இந்த வேலையில் ஆள் அடிபடுவது பூட்டால் இல்லை, பிரேக்கால்.

டபிள்யூடி-40 அடிக்கலாம். ஈரத்தை விரட்டுவதற்குத்தான் 1953-ல் அதைச் செய்தார்கள், மழையில் நனைந்து துருப்பிடித்த பூட்டுக்கு முதல் உதவியாக அது பொருத்தம்தான். ஆனால் நீங்கள் அடிக்கப் போகிற இடம் பிரேக் டிஸ்க், ஒரு சாணுக்குள் டிஸ்க்கை உரசி வண்டியை நிறுத்துகிற பிரேக் பேட் இருக்கிறது. எண்ணெய்ப் பொருள் டிஸ்க்கில் வழிந்து, வண்டி உருளும்போது பேடுக்குள் போனால், பேட் அதைக் குடித்துவிடும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்த சிக்னலில் பிடிக்கும்போதுதான் தெரியும். பூட்டைத் திறந்த சந்தோஷத்தில் அப்படியே கிளம்பி, முதல் வளைவிலேயே முன்னால் நின்ற லாரியில் முட்டிய பையன் ஒருவனின் வண்டியை நானே பழுது பார்த்திருக்கிறேன். அவனுக்குப் பெரிய காயமில்லை, அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். காலிப்பர் முழுவதையும் பிளாஸ்டிக் பையால் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். பூட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் பழைய துணியை மடித்துத் திணியுங்கள். சாவித்துவாரம் மேலே பார்த்து நிற்கிறது என்கிறீர்கள், மூன்று வாரத் தண்ணீரும் மண்ணும் அதற்குள்தான் தங்கியிருக்கிறது. வண்டியை உருட்டி, முடிந்த அளவு துவாரம் கீழ்நோக்கி வரும்படி பூட்டைத் திருப்புங்கள். டின்னோடு வருகிற சிவப்புக் குழாயைத் துவாரத்துக்குள் விட்டு, இரண்டு நொடி மட்டும் அடியுங்கள். பழுப்பாக வழியும். அரை மணி நேரம் விட்டு மறுபடி. தெளிவாக வழிகிறவரை அடித்துவிட்டு, அப்புறம்தான் சாவி. பூட்டின் முதுகில் ரப்பர் சுத்தியலால், அல்லது ஸ்க்ரூடிரைவரின் பிடியால், லொட்டு லொட்டென்று மென்மையாகத் தட்டினால் ஒட்டிய தட்டுகள் விடும்.

தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், பிசுபிசுவென்று ஆகித் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கிராஃபைட் தூள் நல்லது, ஆனால் எண்ணெய் போட்ட பூட்டில் அதைப் போட்டால் சேறு மாதிரி குழைந்துவிடும், இரண்டில் ஒன்றுதான்.

திறந்த பிறகு, துணியில் பிரேக் கிளீனர் அடித்து டிஸ்க்கின் இரண்டு பக்கமும் துடையுங்கள், துணி கருப்பாகாமல் வருகிறவரை. பிறகு கார்ப்பார்க்குக்குள்ளேயே நடை வேகத்தில் உருட்டி முன் பிரேக்கை மட்டும் பத்து தடவை பிடித்துப் பாருங்கள். வழுக்குவது மாதிரி இருந்தால் பேடை மாற்றிவிடுங்கள், சுத்தம் செய்து தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

---

தெம்பனிஸ்_கார்த்தி (செவ்வாய், காலை 7.15)

நான் போன வருடம் வெட்டியவன், அதனால் அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு பூட்டுக்காரரைக் கூப்பிட்டேன். போனில் 120 வெள்ளி என்றார், நேரில் வந்து பார்த்துவிட்டு 280 என்றார், இராத்திரி பத்து மணி, வேறு வழியில்லை என்று அவருக்கும் தெரியும். நான் அனுப்பிவிட்டேன். நீங்கள் கூப்பிடுவதாக இருந்தால் பூட்டின் படத்தை முதலிலேயே அனுப்பி, வெட்டினால் எவ்வளவு, வெட்டாமல் திறந்தால் எவ்வளவு, வந்து முடியாமல் போனால் எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுநாள் நண்பரின் கிரைண்டரில் நானே வெட்டினேன். பத்து நிமிடத்தில் போலீஸ் வந்தது. தவறே இல்லை, கார்ப்பார்க்கில் பைக் பூட்டை ஒருவன் வெட்டிக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடத்தான் வேண்டும், என் வண்டியை யாராவது அப்படி வெட்டினால் அவர் கூப்பிட வேண்டும் என்றுதான் நானும் நினைப்பேன். அடையாள அட்டையும், ஒன்மோட்டாரிங் என்ற அரசு இணையத்தளத்தில் வண்டி என் பேரில் இருப்பதையும் காட்டினேன், மரியாதையாகப் பேசிவிட்டுப் போனார்கள். வெட்டுவதானால் பகலில் வெட்டுங்கள், இவை இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வெட்டச் சொல்லி நான் சிபாரிசு செய்யமாட்டேன். தீப்பொறி பெட்ரோல் டேங்குக்குக் கீழேயே பறக்கிறது. கண்ணாடி போடாமல் தொடவே கூடாது. ஸ்பிரே அடித்து ஊறிய பூட்டென்றால் அதுவே பற்றிக்கொள்ளும். என் டிஸ்க்கில் ஒரு கீறல் விழுந்து டிஸ்க்கையே மாற்ற வேண்டியதாகிவிட்டது, பூட்டுக்காரருக்குக் கொடுக்காத காசு அங்கே போனது.

இன்னொரு வழியும் உண்டு. காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் கழற்றி அதை ஒதுக்கிவிட்டு, அச்சை உருவி, முன்சக்கரத்தைப் பூட்டோடு சேர்த்து ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போகலாம். வண்டியைத் தூக்கி நிறுத்த ஸ்டாண்ட் வேண்டும், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் அமைப்பு) வண்டியானால் சென்சார் வயரை இழுத்துவிடாமல் பார்க்க வேண்டும், காலிப்பர் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக்கை அமுக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். பேடுக்கு நடுவில் ஒரு அட்டையை மடித்து வைத்துவிடுங்கள். பழக்கமில்லை என்றால் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

---

பாசிர்ரிஸ்_மீனா (செவ்வாய், மதியம் 12.50)

நான் கடற்கரைப் பக்கம் இருக்கிறேன், உப்புக் காற்றில் எனக்கு இரண்டு பூட்டு போயிருக்கிறது, ஒன்று அலாரம் வைத்தது, பேட்டரி கசிந்து உள்ளேயே பச்சை பூத்துவிட்டது.

அண்ணா, திறந்த பிறகு அந்தப் பூட்டை எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு எடுத்துப் போகாதீர்கள். இங்கே கார்ப்பார்க்கில் இறுகினால் வீட்டுக்கு நடந்து போகலாம், அங்கே ராத்திரி ஒரு மணிக்குக் கடைத்தெருவில் இறுகினால் பாலத்தைத் தாண்டி வண்டியைக் கொண்டுவர முடியாது. சாவியோடு ஒரு எண் பொறித்த சின்னத் தகடோ அட்டையோ வந்திருந்தால் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாற்றுச் சாவி கேட்டால் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். நான் இப்போது பூட்டுப் போடும்போதே துவாரம் தரையைப் பார்க்கும்படி போடுகிறேன், மாதம் ஒரு தடவை டெஃப்லான் ஸ்பிரே, வண்டியில் மாட்டாமல் தனியாகக் கையில் வைத்து அடிப்பேன். பூட்டை எடுக்காமல் வண்டியை நகர்த்திவிடாதபடி ஹேண்டில்பாரில் ஆரஞ்சு நிறச் சுருள் கயிறும் கட்டியிருக்கிறேன்.

---

ஈசூன்_என்எஸ்200 (செவ்வாய், இரவு 11.55)

திறந்துவிட்டது! எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

இரண்டாவது சாவி இன்சூரன்ஸ் பேப்பர் வைத்த ஃபைலுக்குள், உறை பிரிக்காமலேயே கிடந்தது. கீழ் வீட்டு மலாய்க்கார அங்கிள் வண்டி மேல் உட்கார்ந்து இரண்டு விரற்கடை பின்னால் தள்ளினார், அந்த நொடியிலேயே பூட்டு லொடலொடவென்று ஆடியது. இவ்வளவு நேரமும் வண்டியின் எடையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. காலிப்பருக்கு பை கட்டி, துவாரத்தைக் கீழே திருப்பி அடித்தபோது முதலில் வந்தது எண்ணெய் இல்லை, டீத் தண்ணீர் மாதிரி பழுப்பாக, அதில் பொடிப்பொடியாகத் துரு. மூன்று தடவை அடித்தேன். புதுச் சாவியைப் போட்டு முன்னும் பின்னும் முப்பது நாற்பது தடவை திருப்பியிருப்பேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போய், 11 மணி சுமாருக்கு 'டக்' என்று கம்பி பின்னால் வந்தது. அங்கிள் கைதட்டினார்.

டிஸ்க்கைத் துடைத்துவிட்டேன், நாலாவது துணிதான் சுத்தமாக வந்தது. நடை வேகத்தில் பிடித்துப் பார்த்தேன், நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் முதல் இரண்டு தடவை கர்ரென்று சத்தம் வந்தது. மெக்கானிக் அண்ணே, அது எண்ணெயா, மூன்று வாரம் நின்றதால் டிஸ்க்கில் படிந்த துருவா?

---

ஊபி_மெக்கானிக் (புதன், காலை 8.30)

இரண்டு தடவையோடு சத்தம் நின்றுவிட்டது என்றால் மேல்துரு, பேட் அதைத் தேய்த்து எடுத்துவிடும். எண்ணெய் என்றால் வழுக்கும், சில சமயம் சத்தமும் தொடர்ந்து வரும். இருந்தாலும் இன்று மாலை பகல் வெளிச்சத்தில் டிஸ்க்கை ஒரு தடவை பாருங்கள், வானவில் மாதிரி நிறம் எங்காவது மினுங்கினால் நாளைக் காலை வண்டியை எடுக்காமல் டாக்சியில் போங்கள், பேடோடு கடைக்கு வாருங்கள், அரை மணி நேர வேலை.