விற்கும் முன் வீட்டைச் சோதிப்பதற்கு ஒரு சொல்: ‘பழுதாய்வு’ சரிவருமா?

தொடக்க மடல் – மொழிபெயர்ப்பாளர், மதுரை

நண்பர்களுக்கு வணக்கம்.

வீடு விற்பவர்களுக்கான கையேடு ஒன்று தமிழாகிறது. அதில் ‘ப்ரீ லிஸ்டிங் இன்ஸ்பெக்‌ஷன்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வீட்டை விலைக்கு விடுவதற்கு முன்பே, விற்பவர் தன் செலவில் விவரம் தெரிந்த ஒருவரை அமர்த்தி, மொட்டைமாடி முதல் செப்டிக் டேங்க் வரை என்னென்ன கோளாறு என்று எழுதி வாங்கிக்கொள்வது அது. ‘விற்பனைக்கு முந்தைய வீட்டு ஆய்வு’ என்று எழுதினால் விளக்கமாகத்தான் இருக்கிறது, சொல்லாக இல்லை. கைவசம் மூன்று இருக்கின்றன: இல்லாய்வு, மனைத் தணிக்கை, வீட்டு நோட்டம். எது நிற்கும்?

மறுமொழி – கட்டடப் பொறியாளர், மதுரை

மூன்றுமே இடறும். ‘இல்’ என்றால் வீடுதான், ஆனால் ‘இல்லாய்வு’ என்று அச்சில் பார்ப்பவர் ‘இல்லா ஆய்வு’ என்று படிப்பார். தணிக்கை கணக்குக்குப் போய்விட்டது; மனை என்றால் எங்கள் பக்கம் காலி இடம். பொன்னையும் காசையும் உரசிப் பார்த்துத் தரம் சொன்னவர் நோட்டக்காரர். அழகான பழஞ்சொல். ஆனால் இன்று வீட்டை நோட்டம் பார்ப்பவன் திருடன். வீட்டுக்காரர் காசு கொடுத்து அழைக்கும் ஆளுக்கு அந்தப் பெயர் ஆகாது.

‘மதிப்பீடு’ என்று யாரும் முன்மொழிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அது வங்கிக் கடனுக்கு வருபவரின் வேலை. அவர் சதுர அடி, வழிகாட்டி மதிப்பு, கட்டடத்தின் வயது பார்த்து ரூபாயில் முடிப்பார். குளியலறைக் குழாய் சுவருக்குள் கசிகிறதா என்பது அவர் தாளில் வராது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி, ‘போன வருசந்தான் பேங்க்ல வந்து பாத்தாங்களே’ என்று விற்பவர்கள் சோதனையையே விட்டுவிடுகிறார்கள். சொல் முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். தேடப்படுவது விலை அல்ல, பழுது. ஆகவே ‘பழுதாய்வு’. அதில் கிடைக்கும் தாள் ‘பழுதறிக்கை’.

மறுமொழி – தமிழாசிரியர் (ஓய்வு), மேலூர்

பழுது, ஆய்வு இரண்டும் இயல்பாகப் புணர்கின்றன. சொல் வாயில் நிற்கிறது. எனக்கு ஒரே தயக்கம்: ‘பழுது பார்த்தல்’ என்றால் ரிப்பேர் என்று ஊரே பழகிவிட்டது. ‘பழுதாய்வு’ கேட்டவர் சரிசெய்து தருவதையும் சேர்த்து நினைக்க மாட்டாரா?

மறுமொழி – பத்திர எழுத்தர், திருமங்கலம்

ஐயாவின் தயக்கம் நியாயம். ஆனால் ‘ஆய்வு’ என்ற பின்பாதி அதைத் தடுக்கும் என்று நினைக்கிறேன். பழுது என்ற சொல்லை விடக்கூடாது என்பதற்குச் சட்டத்திலும் காரணம் உண்டு. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 55(1)(ஏ): சொத்திலோ அதன் உரிமையிலோ உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவர் கண்ணில் படாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும்.

உரிமையில் உள்ள குறைக்கு நம்மிடம் சொல் இருக்கிறது: வில்லங்கம். ‘வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சா?’ என்று டீக்கடையில்கூடக் கேட்பார்கள். கட்டடத்தில் உள்ள குறைக்கு அப்படி ஒரு சொல் இல்லாததால் அதை யாரும் கேட்பதே இல்லை. வில்லங்கம் பார்த்தாச்சு, பழுதாய்வு பார்த்தாச்சு என்று இரண்டும் சேர்ந்து புழங்கினால் போதும். தாய்ப்பத்திரம், பட்டா விவகாரங்களை இதற்குள் இழுக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ‘பழுதாய்வுச் சான்று’ என்று எழுதிவிடாதீர்கள். சான்று என்றால் மக்கள் உத்தரவாதமாக எடுத்துக்கொள்வார்கள். பார்த்த நாளில் கண்ணுக்கும் கருவிக்கும் தெரிந்ததைச் சொல்வது அறிக்கைதான்.

மறுமொழி – கட்டடப் பொறியாளர்

சான்று வேண்டாம் என்பதை முழுமனதாக ஏற்கிறேன். உள்ளே வரும் துணைச்சொற்களையும் பேசிவிடுவோம். அவை இல்லாமல் பழுதறிக்கை எழுத முடியாது.

முதலில் ஓதம். ‘ஈரப்பதம்’ என்று எழுதாதீர்கள். அது காற்றில் இருப்பது. சுவரில் இருப்பதைக் கொத்தனார்கள் ‘ஓதம் ஏறியிருக்கு’ என்றுதான் சொல்கிறார்கள். அது வரும் வழியைப் பிரித்து எழுதுவதில்தான் அறிக்கையின் உயிரே இருக்கிறது. தரையிலிருந்து ஏறுவது சுவரின் அடியில், ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்துக்குள் பட்டையாக நிற்கும். உப்புப் பூத்துப் பூச்சு பொரியும். அடித்தளத்துக்கு மேல் ஓதத்தடுப்பு அடுக்கு போடாமல் விட்டதோ, பின்னாளில் வாசலை மண்போட்டு உயர்த்தி அதை மூடியதோ காரணமாக இருக்கும். மாடியிலிருந்து இறங்குவது கூரையில் பழுப்பு வளையமாகத் தெரியும். தளத்துக்கு வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) போதாமலோ, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை திறந்தோ இருக்கும். மூன்றாவது குழாய்க் கசிவு. குளியலறையின் மறுபக்கச் சுவரில் திட்டாக வந்து, மழையோ வெயிலோ ஒரே மாதிரி இருக்கும். முதல் வகைக்கு மாடியில் தட்டோடு பதித்துப் பணத்தைக் கரைத்த வீடுகள் உண்டு.

தளத்தைச் சோதிக்க, வடிகால் வாயை அடைத்து 25 மில்லிமீட்டர் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டுக் கீழே பார்க்க வேண்டும். கொத்தனார் மொழியில் ‘தண்ணி கட்டிப் பாக்குறது’. ‘நீர்கட்டுச் சோதனை’ என்றே வைக்கலாம். ஆனால் மாசி வீதி, வெளி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில், மர உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் ஒட்டுத் தளத்தில் இதைச் செய்யவே கூடாது. 25 மில்லிமீட்டர் தண்ணீர் சதுர மீட்டருக்கு 25 கிலோ. உத்திரத்தின் முனை சுவருக்குள் உளுத்திருந்தால் ஆபத்து. அங்கே சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்ப்பதும், கரையான் மண்கோடு தேடுவதும்தான் முறை.

கான்கிரீட்டில் சன்ஷேடின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். பொள்ளலான சத்தம் வந்தால் பெரும்பாலும் உள்ளே கம்பி துருவேறியிருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அதுதான் கான்கிரீட்டை உதறித் தள்ளுகிறது. மேலே சிமெண்ட் அப்பி மறைத்தால் மறுபடி விழும். உடைந்ததை முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருத்தடுப்புப் பூசி, பிறகுதான் கலவை.

மின்சாரத்தில் விற்பவர் கவனிக்க வேண்டியது எர்த்திங்கும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு விசையும். பழைய பெட்டிகளில் பியூஸ் மட்டுமே இருக்கும்.

மறுமொழி – தமிழாசிரியர்

ஓதம் எனக்கும் பிடித்த சொல். ஆனால் பள்ளிப் புவியியலில் கடல் ஏறி வற்றுவது ஓதம். மாணவர்கள் குழம்புவார்களே? விரிசல், வெடிப்பு இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

மறுமொழி – கட்டடப் பொறியாளர்

கடலில் வருவதும் சுவரில் வருவதும் ஒரே பக்கத்தில் சந்திக்காது ஐயா. கொத்தனார் வாயில் உயிரோடு இருக்கும் சொல்லை எடுக்காமல் விட்டால் அதுவும் போய்விடும். சுவரில் குத்திப் பார்க்கும் கருவிக்கு ‘ஓதமானி’ என்றே பெயர் வைப்போம்.

பூச்சில் மயிரிழையாக ஓடுவது விரிசல். செங்கல்லையும் சேர்த்துப் பிளப்பது வெடிப்பு. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு சித்திரையில் அகன்று கார்த்திகையில் மூடிக்கொள்ளும். மழை முடிந்து பார்த்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதிவிட வேண்டும். கண்ணாடி உடைந்தால் ‘நகரும் வெடிப்பு’, உடையாவிட்டால் ‘நின்ற வெடிப்பு’. பின்னதை அடைத்துப் பூசலாம். முன்னதை அடைப்பது வீண். அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும்.

ஓதத்துக்கோ மழை முடிந்த மார்கழிதான் நல்ல காலம். அந்த மாதம் கிரயம் செய்பவர் குறைவு என்பதால் வீடும் சும்மா கிடக்கும். ஆகவே கண்ணாடியைச் சித்திரையில் ஒட்டி, மற்றதை மார்கழியில் பார்த்து, தையில் விலைக்கு விடலாம். பெயிண்ட் அடிப்பது எல்லாவற்றுக்கும் பிறகு. அடித்த சுவரில் ஓதம் சில மாதம் ஒளிந்திருக்கும். அதற்குள் பத்திரம் முடிந்தால், ‘தெரிந்தே மறைத்தீர்கள்’ என்ற பேச்சு விற்றவர் மேல்தான் வரும்.

மறுமொழி – மொழிபெயர்ப்பாளர்

சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

“வீட்டை விலைக்கு விடும் முன் விற்போர் பழுதாய்வு செய்துகொள்ளுங்கள். பழுதாய்வாளர் தரும் பழுதறிக்கையின் நகலை வில்லங்கச் சான்றோடு சேர்த்து வாங்குபவரிடம் கொடுங்கள். எந்தப் பழுதைச் சரிசெய்தீர்கள், எதை அப்படியே விட்டு விலையில் கழித்தீர்கள் என்பதையும் அதில் குறியுங்கள்.”

வாங்குபவர் தன் செலவில் செய்வது ‘வாங்குவோர் பழுதாய்வு’. முன்னொட்டை மாற்றினால் போதும் என்பது பெரிய வசதி.

மறுமொழி – பத்திர எழுத்தர்

நன்றாக இருக்கிறது அம்மா. ஒரு திருத்தம்: ‘நகலை’ என்பதற்குப் பின் ‘கையொப்பம் பெற்று’ என்று சேருங்கள். பழுதைச் சொன்னோம் என்பதற்கு வாங்குபவரின் அந்தக் கையெழுத்தும் தேதியும்தான் ஆதாரம். முன்பணம் வாங்கும் நாளிலேயே வாங்கிவிட வேண்டும்.