கிரெடிட் ஹிஸ்டரி 8 மாசம்தான், பாயிண்ட்ஸ் தர்ற சார்ஜ் கார்டு இப்பவே வாங்கலாமா?

கங்கைகொண்டான் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். கங்கைகொண்டான் ஐடி பார்க்ல வேல, சேந்து 14 மாசம் ஆச்சு, கைக்கு 32,000 வருது. போன் ஒண்ணு இஎம்ஐல எடுத்தேன், எம்பேர்ல இருக்க கடன் அது மட்டுந்தான், 8 மாசமா தவறாம கட்டுதேன். கடன ஒழுங்கா கட்டுதோமான்னு மார்க் போடுற சிபில் ஸ்கோர் 731 காட்டுது. அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) சார்ஜ் கார்டு, அதான் மாசாமாசம் பில்ல முழுசா கட்டுற கார்டு, வாங்கணும்னு ஆச, அதுல லிமிட்டுன்னு முன்னாடியே ஒண்ணும் வைக்க மாட்டாவ, பாயிண்ட்ஸும் நல்லா வரும்னு கூட வேல பாக்குற அண்ணன் சொன்னாவ. தை மாசம் அக்கா கல்யாணம், நகை ஜவுளின்னு செலவு கெடக்கு, எப்படியும் செலவழிக்கப்போற காசு, கார்டுல போட்டா பாயிண்டாவது மிஞ்சும்லா. ஏற்கனவே ஒரு பேங்க்ல சாதா கிரெடிட் கார்டு கேட்டு ஹிஸ்டரி பத்தாதுன்னு தள்ளிட்டாவ. இதுக்கு அப்ளை பண்ணவா?

பாளையங்கோட்டை அக்கா:
இப்ப பண்ணாத தம்பி. நான் பேங்க்ல லோன் டெஸ்க்ல 11 வருசம் இருந்தவ. ஒங்கள மாதிரி பிள்ளைக ரிப்போர்ட் எத்தனயோ பாத்திருக்கேன், மேல அக்கவுண்ட் ஒண்ணே ஒண்ணு இருக்கும், கீழ என்கொயரின்னு, கடன் கேட்டதும் பேங்க் ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்த பதிவு இருக்க இடத்துல ஒரே மாசத்துல நாலு பேங்க் பேரு வரிசையா நிக்கும். அத பாத்ததும் இந்தப் பையன் கடனுக்கு அலையுதான்னுதான் எடுத்துக்கிடுவாவ. ஒனக்கு ஏற்கனவே ஒண்ணு விழுந்துட்டு. ஒரு 25,000 எஃப்டி (ஃபிக்சட் டெபாசிட்) போடு, அது மேல ஒரு கார்டு கேளு. எஃப்டிய ஈடா வச்சு தர்றதால ஹிஸ்டரி பத்தாதுன்னு தள்ள மாட்டாவ, போட்ட பணத்துக்கு வட்டியும் வந்துக்கிட்டே இருக்கும். லிமிட்டு எஃப்டி தொகையில முக்காவாசியோ முழுசோ பேங்குக்கு தக்கன கெடைக்கும். ஒரு வருசம் அத ஓட்டிட்டு பெறகு ஒம்பாட்டுக்கு எந்த கார்டுக்கு வேணும்னாலும் போ.

அம்பாசமுத்திரத்துக்காரன்:
அக்கா சொல்லுத என்கொயரி விசயம் சரி, ஆனா சார்ஜ் கார்டே வேண்டாம்ங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். 2021 மே மாசத்துலேந்து அமெக்ஸ் புதுசா ஆள் சேக்கக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் தடை போட்டிருந்துச்சு, 2022 ஆகஸ்ட்ல அத எடுத்த பெறகு நான் சார்ஜ் கார்டு வாங்கினேன், அப்ப எனக்கும் ஹிஸ்டரி ரெண்டு வருசம் கூட கெடையாது. அதுல எனக்கு புடிச்சதே மாசாமாசம் முழுசா கட்டியே ஆவணும்ங்கறதுதான். சாதா கிரெடிட் கார்டுல குறைஞ்சபட்சம் கட்டுனா போதும்னு ஒரு சின்ன தொகைய காட்டுவான், நம்ம பயலுவ அங்கதான் மாட்டுதானுவ. 20,000 பாக்கிய தள்ளிவிட்டா மாசம் மூணரை வட்டின்னு வைங்க, 700 ரூவா, அதுக்கு மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி 126, ஆக ஒரு மாசத்துக்கே 826 போச்சு. அதோட விடுதா, பாக்கி நிக்கும்போது புதுசா வாங்குற சாமானுக்கும் வட்டியில்லாத நாள் கெடையாது, வாங்குன அன்னைலேந்தே வட்டி ஓடும். மொத கார்டே முழுசா கட்டுற கார்டா இருந்தா முழுசா கட்டுற பழக்கமே ஒட்டிக்கிடும்.

டவுன் கடைக்காரர்:
நான் நெல்லையப்பர் கோயில் பக்கம் ரதவீதில கடை வச்சிருக்கேன், என் பக்கத்தையும் சொல்லிடுதேன். அந்த அமெக்ஸ் கார்ட நீட்டுனா எங்கடை மெஷின் எடுக்காது, அதுக்கு தனியா சேந்து வாங்கணும், கமிஷனும் கூட. இங்கன டீக்கடையிலேந்து பலசரக்கு கடை வரைக்கும் ஸ்கேன் பண்ற அட்டைதான் தொங்குது. 2022லேந்து ரூபே கிரெடிட் கார்ட யுபிஐல சேத்து ஸ்கேன் பண்ணலாம், 2,000 ரூவா வரைக்கும் எங்கள மாதிரி சின்ன கடைக்கு கமிஷனும் கெடையாது, அதனால நாங்களும் மொகம் சுழிக்காம வாங்குதோம். அமெக்ஸ்ல அது முடியாது. பாயிண்ட்ஸ் எவ்வளவு தந்தா என்ன, தேய்க்க எடம் வேணும்லா?

அம்பாசமுத்திரத்துக்காரன்:
அண்ணாச்சி, ஆன்லைன் செலவு, ரயில் டிக்கெட், பெரிய ஜவுளிக்கடைன்னு போடலாமே, நான் அப்படித்தான் ஓட்டுதேன்.

பாளையங்கோட்டை அக்கா:
ஒங்க சம்பளம் வேற, செலவும் வேற. இந்தத் தம்பி கணக்க பாப்போம். மாசம் 15,000 கார்டுல போடுதான்னு வையி. 100 ரூவாய்க்கு ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்ட் கால் ரூவான்னா மாசத்துக்கு முப்பத்தேழர ரூவா, வருசம் பூரா சேத்தா 450. வருச ஃபீஸ் 1,000ன்னு இருந்தா கூட ஜிஎஸ்டியோட 1,180. சேத்தது எங்க, குடுத்தது எங்க? ஃபீஸே இல்லாத எஃப்டி கார்டுல அந்த 450ம் கையில நிக்கும்.

இன்னொண்ணு, கல்யாண நகை. நகை, பெட்ரோல், வாடகைக்கெல்லாம் பல கார்டுல பாயிண்ட்டே கெடையாது, விதிமுறைய கடைசி பக்கம் வரைக்கும் படிக்கணும். நகைக்கடைல கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் கூட கேக்கவும் செய்யுதாவ. நகைய இஎம்ஐயா மாத்தவும் முடியாது. மூணு லச்சத்துக்கு நகைய தேய்ச்சிட்டு அடுத்த மாசம் முழுசா கட்டுன்னா 32,000 சம்பளக்காரன் எங்க போவான், சொல்லுங்க பாப்போம். அதுவும் லிமிட்டு முன்னாடியே வைக்கலன்னா எவ்வளவு வேணும்னாலும் தேய்க்கலாம்னு அர்த்தம் இல்ல, ஒன் சம்பளத்தயும் கட்டுற பழக்கத்தயும் வச்சு அவிய உள்ளுக்குள்ள ஒரு கணக்கு வச்சிருப்பாவ, கடைல பில்லு போட்ட பெறகு ரிஜெக்ட்னு வந்து நிக்கும்.

அம்பாசமுத்திரத்துக்காரன்:
நகை விசயத்துல அக்கா சொல்லுததுதான் சரி, கையில பணம் இல்லாம அத கார்டுல போடவே கூடாது.

வள்ளியூர் ஆள்:
நான் பட்டத சொல்லுதேன். எந்த கார்டா இருந்தாலும் சரி, தேதிதான் முக்கியம். ரெண்டு வருசம் முன்ன அப்பாவ ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரில சேத்துட்டு வராண்டாவுலயே கெடந்தேன், அந்த நேரத்துல ஒரு கார்டு பில் 2,140 ரூவாய மறந்துட்டேன். டியூ தேதி தாண்டி 3 நாள் வரைக்கும் லேட்டுன்னு போடக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, நான் 37 நாள் கழிச்சுத்தான் கட்டினேன். போன மாசம் வீட்டு லோனுக்கு போனா அந்த அதிகாரி ரிப்போர்ட்ட என் பக்கம் திருப்பி வச்சு காட்டுதாரு, எத்தன நாள் லேட்டுன்னு மாசத்துக்கு ஒரு கட்டம், வரிசையா 000 000ன்னு இருக்கு, நடுவுல ஒரே ஒரு கட்டத்துல மட்டும் 037. மூணு வருசத்துக்கு அது அங்கனயே நிக்குமாம். ஹிஸ்டரி நீளமா இருக்கவனுக்கு அது ஒரு புள்ளி, ஒன்ன மாதிரி எட்டு கட்டம் மட்டும் இருக்கவனுக்கு எட்டுல ஒண்ணுல்லா தம்பி.

கங்கைகொண்டான் பையன்:
நகைக்கு பாயிண்ட் இருக்காதுன்னு நான் யோசிக்கவே இல்ல. அப்பா நகைக்கு சேத்து வச்ச பணம் இருக்கு, அத பணமாவே குடுத்துடுதோம். திங்கக்கெழம லீவு போட்டு வண்ணார்பேட்டைல சம்பள அக்கவுண்ட் இருக்க பேங்குக்கே போயி 25,000 எஃப்டி போடுதேன், ரூபேல குடுப்பாவளான்னும் கேக்கேன். நானே சிபில் பாத்தா ஸ்கோர் கொறையுமாக்கா?

பாளையங்கோட்டை அக்கா:
கொறையாது, நீயா பாக்கறதுக்கு ஒண்ணும் ஆவாது. வருசத்துக்கு ஒரு தடவ முழு ரிப்போர்ட் சும்மாவே தரணும், சிபில் மட்டுமில்ல, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு கடன் ரிப்போர்ட் வைக்கிற நாலு கம்பெனியும் தரணும். கார்டு வந்ததும் லிமிட்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல போவாம பாத்துக்கோ.

அம்பாசமுத்திரத்துக்காரன்:
ஒரு வருசம் கழிச்சு சார்ஜ் கார்டு பத்தி கேளு, அப்பவும் வாங்குன்னுதான் சொல்லுவேன். இப்போதைக்கு ஆட்டோ டெபிட் போடும்போது ஒண்ண பாரு, ஃபார்ம்ல மொத்த பாக்கி, குறைஞ்சபட்ச பாக்கின்னு ரெண்டு கட்டம் இருக்கும். மொத்த பாக்கில டிக் போட்டுட்டு அத ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோ.